இரண்டாவது ஃப்ரீ த்ரோ யார் கணக்கில்

பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. அதற்குமேல் எந்தக் கூடைப்பந்து அணியும் இன்னொரு அணியோடு ஆட்களை மாற்றிக்கொள்ள முடியாது. அந்த மூன்று மணிக்குள் யாரைத் தள்ளிவிடலாம், யாரை இழுத்துப் போடலாம் என்று ஊருக்கு ஊர் மேலாளர்கள் சோறு தண்ணி இல்லாமல் ஃபோனைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். வருடத்துக்கு ஒரு நாள் வரும் பைத்தியம் அது. பிட்ஸ்பர்க் ஃபர்னஸ் அணியில் அந்த வருடம் தள்ளிவிடப்பட இருந்தவன் எசேக்கியல் டாலிவர். எல்லோருக்கும் அவன் ஸீக்.

தள்ளிவிடச் சொன்னது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை எழுதியவள் ரெனாட்டா சொப்சாக்.

ரெனாட்டா முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் மேலாளர் வார்ரன் கீல் அவளைக் கூட்டிவந்து, அரங்கத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் மூன்று திரைகளும் கொடுத்து உட்காரவைத்தார். வேலை இதுதான்: ஆட்டத்தில் எந்த ஐந்து பேர் சேர்ந்து நின்றால் அணி முன்னேறுகிறது, எந்த ஐந்து பேர் நின்றால் பின்தங்குகிறது என்று சொல்ல வேண்டும். ஒருவன் களத்தில் நிற்கும்போது நாம் எடுத்த புள்ளியிலிருந்து எதிரி எடுத்த புள்ளியைக் கழி. மிச்சம் ப்ளஸ் என்றால் அவனால் லாபம், மைனஸ் என்றால் நஷ்டம். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கழித்தல் கணக்கு. அதன்மேல் ரெனாட்டா ஏகப்பட்ட திருத்தங்களை ஏற்றி, நூறு முறை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி என்று ஒரு எண்ணாக இறக்கித் தருவாள்.

ஸீக் நிற்கும் ஐவருக்கு அவள் இறக்கிய எண் மைனஸ் 4.8. பெஞ்சிலிருந்து மாற்றாளாக எழுந்து வந்து கூடையடியில் நிற்கும் சென்டருக்கு அது மரண ஓலை.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. பதினோரு வருடத்தில் ஏழு ஊர். அவனை வாங்கப்போகும் டாம்பா அணிக்கு அவன் ஆட்டம் தேவையில்லை, இந்த வருடத்தோடு முடிகிற அவன் ஒப்பந்தம்தான் தேவை; அடுத்த வருடச் சம்பளக் கணக்கில் அவ்வளவு இடம் காலியாகும். வாங்கிய மறுநாளே விடுவித்துவிடுவார்கள். முட்டி தேய்ந்த, மைனஸ் போட்ட சென்டரை அப்புறம் எவன் எடுப்பான்? மூன்று மணிக்குள் அவன் பெயர் போனால் அவன் ஆட்டமே போயிற்று. இது ரெனாட்டாவுக்கும் தெரியும், கீலுக்கும் தெரியும். கோச் டெல் ப்ரூவிட்டுக்குத் தெரிந்ததால்தான் மனிதர் இரண்டு மணிக்கு அவள் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கையில் மடிக்கணினி. இன்னொரு கையில் உருளைக்கிழங்கு வறுவலையும் முட்டைக்கோஸையும் உள்ளே வைத்துத் திணித்த, அந்த ஊர் ஆட்கள் மட்டும் வாய் கிழியக் கடிக்கிற சாண்ட்விச்.

"என்னம்மா, இன்னும் எவன் எப்பச் சாவான்னுதான் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கியா?"

"நீங்க என் மேஜை மேல சாஸைச் சிந்தினா உங்க தேதியையும் சேர்த்துப் போட்டுடுவேன், கோச்."

"போடு, போடு. ஸீக்குக்குப் போட்ட, எனக்குப் போட மாட்டியா?" அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பழைய ஆட்டக்காரர், அறுபது தாண்டியவர், இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள். உட்கார அரை நிமிடம் ஆகும். "வார்ரன்கிட்ட காலைலேர்ந்து கத்திட்டேன். தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. 'டெல், எண்ணு இருக்கு'ங்கறான். என்னய்யா எண்ணு? நான் அம்பது வருஷமா பாக்கிறேன், அவன் உள்ள வந்தா மத்த நாலு பேரும் ஒழுங்கா மூச்சு விடுறானுங்க. அது உன் எண்ணுல இருக்கா?"

"மூச்சு விடுறதுக்கு லீக்ல புள்ளி தர்றதில்ல."

"வாயி மட்டும் இருக்கு." அவர் மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். நீ சொன்னா கேப்பான். நாலே நாலு துண்டுப் படம். என்கூட உக்காந்து பாரு. பார்த்துட்டும் அவன் உதவாக்கரைதான்னு சொன்னியானா, நான் வாயத் தைச்சுக்கறேன்."

ரெனாட்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. படத்தைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்களை ஆறு வருடமாகச் சண்டை போட்டு அடக்கியவள் அவள். கண் பொய் சொல்லும், கணக்கு சொல்லாது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பாள். இதே ஸீக் நவம்பரில் இதே அறைக்கு வந்து, ஆட்டம் முடிந்ததும் லீக் கொடுக்கிற அச்சுத்தாளை நீட்டி, "இதுல நான் ப்ளஸ்ஸாத்தானே இருக்கேன், மிஸ் எஸ்?" என்று கேட்டான். அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அது பச்சை எண், திருத்தம் இல்லாதது, பாமரர்கள் பார்க்கிற கணக்கு, அதை நம்ப வேண்டாம் என்று. அந்தப் பெரிய உடம்பு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிற்று. அதற்குப்பின் அணியில் ஒருவரும் அந்த லீக் தாளைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவளும்தான்.

"பத்து நிமிஷம்தான், கோச்."

முதல் துண்டும் இரண்டாவது துண்டும் ஓடின. கோச் வறுவலை மென்றுகொண்டே எதையெதையோ காட்டினார். ரெனாட்டா ஒரு கண்ணால் பார்த்து, ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்திருந்தாள். மூன்றாவது துண்டு போன செவ்வாய்க்கிழமை ஆட்டம். நமது முதல் சென்டர் கோல்பி ஹார்ட்விக், இருபத்து நான்கு வயதுச் செல்லப்பிள்ளை, எதிரியின் கையில் அடித்து ஃபவுல் வாங்கிவிட்டான். எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்காமல் நின்று வீசலாம், விழுந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி. முதலாவது உள்ளே விழுந்தது. உடனே ஊதல். ஹார்ட்விக் வெளியே நடந்தான், ஸீக் உள்ளே நடந்தான். போகிற போக்கில் நான்கு பேர் தோளிலும் கை வைத்து ஏதோ சொன்னான். எதிரி இரண்டாவது ஃப்ரீ த்ரோவைப் போட்டான். அதுவும் உள்ளே.

"இது ஏன் நடுவுல மாத்தறீங்க?" ரெனாட்டா சும்மாதான் கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தானேம்மா. முதல் ஷாட் முடிஞ்சதும் ஸீக்க அனுப்புவேன். கடியாரம் நின்னிருக்கு. பத்துப் பேரும் சர்ச்சுல நிக்கற மாதிரி வரிசையா நிக்கறானுங்க. அவன் போயி நான் சொன்னத எல்லார் காதுலயும் ஓதிட்டு வந்துடுவான். ஆட்டத்த நிறுத்திப் பேசற டைம்-அவுட்ல ஒண்ணு எனக்கு மிச்சமாகும். ரெண்டாவது ஷாட் தவறுச்சுன்னா பந்தப் புடிக்க அவன விட்டா ஆளு கெடையாது."

"எப்பவும்னா?"

"ஆட்டத்துக்கு ரெண்டு தடவ. வெளிய எடுக்கறப்பவும் பாதி நாள் அதேதான். நம்ம ஆளு ஃப்ரீ த்ரோ போடறப்ப நடுவுல எடுத்துருவேன், எல்லாம் நிதானமா திரும்பி ஓடலாம் பாரு. முப்பது வருஷமா இப்படித்தான் பண்றேன். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் ஓடும் வரிகள். முதல் ஃப்ரீ த்ரோ, ஒரு வரி. ஆள் மாற்றம், அடுத்த வரி. இரண்டாவது ஃப்ரீ த்ரோ, அதற்கடுத்த வரி. அவள் எழுதிய நிரல் வரிசையாக வாசிக்கும். ஒரு புள்ளி விழும்போது களத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் எழுதும். தவறு செய்தவன் ஹார்ட்விக். அந்தத் தவறுக்கு எதிரி வாங்கிய இரண்டாவது புள்ளி, அப்போதுதான் உள்ளே கால் வைத்த ஸீக்கின் தலையில்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

இதோ, சொல்லவேண்டிய இடம் இதுதான். ஒரே வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இரும்பு இடுப்போடு நான்காவது மாடிக்கு ஓடியிருப்பார்.

"ஒண்ணுமில்ல, கோச். காலைலேர்ந்து சாப்பிடல."

"கணக்குப் போட்டே செத்துப்போவ ஒரு நாளைக்கி." அவர் மிச்ச சாண்ட்விச்சை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்தார். "தின்னு. எனக்குப் பசங்களோட கூட்டம் இருக்கு. ஸீக் முகத்த எப்படிப் பாக்கறதுன்னு தெரியல. அவனுக்கு ஏதோ சந்தேகம். காலைல என்கிட்ட 'கோச், நான் என் ஷூவ மாட்டட்டுமா வேணாமா'ன்னு கேக்கறான்."

கதவு சாத்தியது.

ரெனாட்டா நிரலைத் திறந்தாள். விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன. புள்ளியை ஃபவுல் நடந்த நேரத்தில் நின்றவர்கள் கணக்கில் எழுது என்று திருத்த ஆறு வரி போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த நிரலை எழுதிய நாளில் யோசித்திருக்க வேண்டிய ஆறு வரி. ஐம்பத்திரண்டு ஆட்டங்களையும் ஓடவிட்டாள். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் துவைக்கும் இயந்திரம் தடதடவென்று ஆடியது.

இரண்டு இருபத்தெட்டுக்கு எண் வந்தது. எதிரியின் எண்பது புள்ளிகள் ஸீக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் அவன் தலையில் விழுந்திருந்தன. அவன் நின்றபோது எதிரி செய்த ஃபவுலுக்கு நமக்குக் கிடைத்த இருபத்தெட்டுப் புள்ளிகள் அவன் கணக்கில் வராமலே போயிருந்தன. நூற்றெட்டு. மைனஸ் 4.8 இல்லை. ப்ளஸ் 2.4. அணியின் பெஞ்சில் அதைவிட நல்ல எண் ஒருவனுக்கும் இல்லை.

லீக் தாள்களைத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். ப்ளஸ் முப்பத்தாறு. பாமரர் கணக்கு என்று அவள் ஒதுக்கிய அந்தத் தாள்கள் முதல் நாளிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. தன் எண்ணும் அந்த எண்ணும் ஒத்துப்போகாதபோதெல்லாம், அது திருத்தத்தால் வரும் வித்தியாசம் என்று அவளே சொல்லி, அவளே நம்பி, ஊரையும் நம்பவைத்திருந்தாள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான் போல.

சரி, கண்டுபிடித்தாயிற்று. மாடிக்கு ஓட வேண்டியதுதானே? முப்பத்திரண்டு நிமிடம் இருக்கிறதே.

அவள் எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். புள்ளி ஒன்றும் ஆவியாகப் போகாது. ஒருவன் தலையிலிருந்து எடுத்தால் இன்னொருவன் தலையில் விழும். ஸீக் எப்போதும் யாருக்குப் பதிலாக உள்ளே போகிறான்? அவள் ஹார்ட்விக்கின் வரியைப் பார்த்தாள். நேற்றுவரை அணியின் பெருமையாக நின்ற ப்ளஸ், மைனஸாக மாறிக் கிடந்தது. அக்டோபரில் கீல் அந்தப் பையனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார். இந்த ஊர் கண்டதிலேயே பெரிய ஒப்பந்தம். அணி முதலாளி முகம் சுளித்தபோது, பத்திரிகைக்காரர்கள் சிரித்தபோது, கீல் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அதுவும் அவள் எழுதிய காகிதம். இதே நிரல்.

ஆக, மாடிக்குப் போய் அவள் சொல்லப்போவது ஸீக்கைப் பற்றி மட்டும் இல்லை. உங்களை ஊர் முன்னால் முட்டாளாக்கிவிட்டேன் வார்ரன், என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப்பின் இந்த அறை இருக்காது, இந்த வேலை இருக்காது. பேசாமல் இருந்தால்? மூன்று மணி தாண்டிவிடும். யாருக்கும் தெரியாது. திருத்தத்தைக் கோடையில் மெதுவாகச் செய்துகொள்ளலாம். மனசுக்குள் இப்படி ஒரு குரல் ஓடியது, அதை அவள் உடனே அடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு முப்பத்து நான்குக்கு மின்தூக்கிவரை போனாள். பொத்தானை அழுத்தாமல் திரும்பி வந்தாள். இன்னொரு தரம் சரிபார்த்துவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சரிபார்க்க என்ன மிச்சம் இருந்தது? ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு ஆட்டங்களையும் மறுபடி ஓடவிட்டாள். வட்டம் சுற்றியது. அதே எண்தான் வந்தது. ப்ளஸ் 2.4.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஃபோன் அதிர்ந்தது. கீலின் செய்தி: "கடைசித் தடவை கேக்கறேன். டாலிவர் 4.8 மைனஸ். மாத்தமில்லையே?"

அவள் "இருங்க" என்று அடித்தாள். அழித்தாள். "தப்பு நடந்திருக்கு" என்று அடித்தாள். அதையும் அழித்தாள். இதை எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு ஒரு கூட்டத்தில் எவனாவது வாசித்துக் காட்டுவான் என்று தோன்றியது. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியது, பாருங்கள். வெறும் கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், திடீரென்று நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடினாள். மின்தூக்கி வரவில்லை. படிக்கட்டில் ஏறினாள். நான்கு மாடி. இரண்டாவது மாடியில் ஒரு ஷூ கழன்றது, அதை விட்டுவிட்டு ஏறினாள்.

கீலின் கதவு திறந்தே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். கீழே ஆற்றின்மேல் பனி அழுக்காக மிதந்தது. ஃபோன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது.

"வார்ரன், நிறுத்துங்க. டாலிவர் எண் தப்பு."

அவர் திரும்பினார். "முடிஞ்சுதே. நாங்களும் டாம்பாவும் ஃபோன்ல லீக் ஆபீசுக்கு வாசிச்சுக் குடுத்தாச்சு. ரெண்டு நாப்பத்தாறுக்கு."

ரெனாட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பத்தெட்டு. வாசித்தால் வாசித்ததுதான். அதைத் திரும்பப் பெற இந்த உலகத்தில் வழி கிடையாது.

"செய்தி போட்டேனே. நீ பதில் போடல. போடலன்னதும் மாத்தமில்லன்னு எடுத்துக்கிட்டேன்." அவர் அவள் காலைப் பார்த்தார். "ஷூ எங்க?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஃப்ரீ த்ரோ நடுவில் கோச் ஆளை மாற்றுவது, இரண்டாவது புள்ளி, நூற்றெட்டு. கீல் கேட்டுக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். முகத்தில் நிஜமாகவே வலித்தது.

"ஒரு கால் மணி முன்னாடி வந்து சொல்லியிருந்தா நான் ஃபோனையே எடுத்திருக்க மாட்டேனேடி," என்றார். ஆறு வருடத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. "அந்த மனுஷன் போன வருஷம்தான் இங்க வீடு வாங்கினான். அவன் பொண்டாட்டி என்கிட்ட எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்னு கேட்டா."  அப்புறம் அவர் கண் மாறியது. கணக்கு அவர் மண்டைக்குள்ளும் ஓடி, அதே இடத்தில் போய் இடித்திருக்க வேண்டும். "அந்த நூத்தெட்டு யார் மேல போச்சு?"

"ஹார்ட்விக் மேல."

"எவ்வளவு?"

"மைனஸ்ல இருக்கான். போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கும்."

கீல் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இத அச்செடுக்காத. யார்கிட்டயும் வாயத் தொறக்காத. டெல்கிட்டகூட. சீசன் முடியட்டும், உக்காந்து பேசுவோம். புரியுதா?"

"ஸீக்?"

"நான் இப்ப அவனக் கூப்பிட்டுச் சொல்லணும். அது என் தலையெழுத்து. நீ கீழ போ."

அவள் கீழே போனாள். வழியில் ஷூவை எடுத்துக்கொண்டாள். மேஜையில் கோச் வைத்துவிட்டுப் போன பாதி சாண்ட்விச் ஆறிக் கிடந்தது.

மூன்று இருபது இருக்கும். கதவை யாரோ இரண்டு விரலால் தட்டினார்கள். அப்படித் தட்டுகிறவன் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். ஸீக் குனிந்து உள்ளே வந்தான். அந்தக் கதவுக்கு அவன் எப்போதும் குனிய வேண்டும். தோளில் ஒரு பை, கையில் கயிற்றால் கட்டிய ஒரு ஜோடி ஷூ.

"போயிட்டு வரேன்னு சொல்லலாம்னு வந்தேன், மிஸ் எஸ்."

"உக்காருங்க, ஸீக்."

"இல்ல, உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. மேல எல்லாரும் என்னப் பார்த்ததும் சுவத்தப் பாக்கறாங்க. எழவு வீடு மாதிரி இருக்கு." அவன் சிரிக்கப் பார்த்தான். "உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். நவம்பர்ல நான் அந்தத் தாள எடுத்துட்டு வந்தேன்ல? வேற யாரா இருந்தாலும் 'நல்லாத்தான் ஆடறீங்க ஸீக்'னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொன்னீங்க. அதுக்கு நன்றி."

ரெனாட்டா திரும்பி, அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஒரு பக்கத்தைத் துப்பியது. அதை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க கொண்டுவந்த தாள்தான் சரி. என் நிரல்ல பிழை. நீங்க உள்ள வந்ததும் விழற ஃப்ரீ த்ரோவையெல்லாம் உங்க மேல எழுதிட்டேன். நீங்க மைனஸ் இல்ல, ஸீக். ஆரம்பத்துலேர்ந்தே இல்ல."

அவன் காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். பெரிய விரல் வரி வரியாக இறங்கி, தன் பெயரில் நின்றது. ப்ளஸ் 2.4.

"நான் தினமும் விடியக்காலைல வந்து ஐஸ் தொட்டில உக்காந்தேன்," என்றான் மெதுவாக. "காலு போயிடுச்சுன்னு நெனச்சேன். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் தெரியுது, ஆனா எண்ணு வேற சொல்லுதே, அப்ப எனக்குத்தான் பாக்கத் தெரியலன்னு நெனச்சேன். கைய நீட்டிப் பந்தத் தட்டிவிடறதயே நிறுத்திட்டேன். அதுல ஃபவுல் ஆகித்தான் புள்ளி போகுதோன்னு. என் பொண்டாட்டி லொரெய்ன்கிட்டகூடச் சொல்லிட்டேன், இந்த வருஷத்தோட விட்டுடறேன்னு. அவ அழுதா. நான் அழல. எண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"மன்னிச்சுடுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அந்தச் சொல் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். வேறு சொல் கையில் இல்லை.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை நான்காக மடித்தான், அன்றைக்கு மடித்த மாதிரியே. மடித்தவன் நிமிர்ந்து ஒன்று கேட்டான்.

"இத எப்பக் கண்டுபுடிச்சீங்க?"

இப்பத்தான், மூணு மணிக்கு மேல, என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அவள் சொன்ன எதையும் நம்புகிற மனிதன் அவன். பக்கத்து அறையில் இயந்திரம் ஓய்ந்திருந்தது.

"ரெண்டு இருபதுக்கு."

ஸீக் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான். உதடு அசையாமல் கழித்துப் பார்த்தான்.

"வார்ரன் ரெண்டு நாப்பத்தாறுன்னு சொன்னார்."

"ஆமா."

"இருபத்தாறு நிமிஷம்."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்கக்கூடாது என்று பிடிவாதமாக வைத்திருந்தாள்.

அவன் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவருகே போய், வழக்கம்போலக் குனிந்தான்.

"இந்த வருஷம் ஒரு ஆட்டத்துலகூட எனக்கு யாரும் களத்துல இருபத்தாறு நிமிஷம் குடுத்ததில்ல, மிஸ் எஸ்," என்றான்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.